குரோகாவாவின் கொள்கை தோற்றுவிட்டதா?

டோக்கியோவின் நககின் கேப்சூல் கோபுரம் 2022இல் இடிக்கப்பட்டதால், அதை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் கொள்கையே தோற்றது என்று உங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம்.

1972இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தில், இரண்டு கான்கிரீட் தண்டுகளைச் சுற்றி 140 அறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் நான்கே போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தன. தண்டுகள் நிலைத்திருக்க, பெட்டிகளை மட்டும் சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதே, கட்டடங்கள் உயிரினங்களைப் போல வளர்ந்து மாற வேண்டும் என்று 1960இல் தொடங்கிய மெட்டபாலிச இயக்கத்தைச் சேர்ந்த அவருடைய திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை என்பதால், அக்கொள்கை சோதிக்கப்படவே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. எனினும், மேலுள்ளவற்றை அகற்றாமல் கீழுள்ள பெட்டியை எடுப்பது கடினம் என்ற வடிவமைப்புக் குறையையும் மறைக்காமல் எழுதுங்கள். அவர் வடிவமைத்த, நடுவே காடு வளர்க்கப்பட்ட கோலாலம்பூர் விமான நிலையத்தையும் (1998) சேர்த்தால், அவருடைய பிற்காலப் பாதையும் விளங்கும்.