கிணறு வெட்டும்போது பூசணிக்காய் அளவில் உருண்டைக் கல் கிடைத்திருக்கிறது. டைனோசர் முட்டையாக இருக்குமா?

இருக்காது. பெரம்பலூர் பக்கம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். குன்னம், ஆலத்தூர் வட்டாரம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான், நிலவியல் (ஜியாலஜி) படித்தவள். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

2020-இல் குன்னம் பக்கம் இதே மாதிரி பெரிய உருண்டைகள் வெளியே வந்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். நிலவியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி இறுகிய படிவு என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?

எங்கள் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரம் அப்படி ஒரு கல் கிடந்தது. அப்பா உழும்போது கலப்பையில் இடறியதை உருட்டிக்கொண்டு வந்து போட்டது. அம்மா அதன்மேல்தான் துணி துவைப்பாள். எம்.எஸ்சி. முதல் வருடம் எங்கள் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குக் களப்பயணம் போனோம். ஓடை அரித்த கரையில் அதே போல ஒரு உருண்டை பாதி வெளியே தெரிந்தது. அதற்கு மேலே இருந்த களிமண் அடுக்குகள் அதன் முதுகில் ஏறி இறங்கியிருந்தன, கீழே இருந்தவை தொட்டில் மாதிரி வளைந்திருந்தன. களிமண் நசுங்குவதற்கு முன்பே இந்தக் கல் இறுகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். "ஏம்மா, நல்லா இருக்குற கல்ல எதுக்கு ஒடைக்கிற?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா சம்மட்டியை எடுத்தார். நாலாவது அடியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே, என் உள்ளங்கை அகலத்துக்கு, கிடாக்கொம்பு போலச் சுருண்ட ஓடு. ஒவ்வொரு வரியும் எண்ணிவிடலாம். அறைகளுக்குள் வெள்ளைப் படிகம் கற்கண்டு மாதிரி மின்னியது. அப்பா விரலால் அந்தச் சுருளைத் தடவி, "இது உசுரோட இருந்ததாம்மா?" என்றார்.

உயிரோடு இருந்ததுதான். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால், நம் ஊர் கடலுக்கு அடியில் இருந்த காலத்தில். செத்து அடிச்சேற்றில் புதைந்ததும் அதன் சதையைப் பாக்டீரியா தின்னத் தொடங்கும். ஆக்சிஜன் இல்லாத சேறு அது. கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை வைத்தே அவை பிழைக்கும். அப்படிச் சிதைக்கும்போது சேற்று நீரில் பைகார்பனேட் கூடிக்கொண்டே போகும். நீரில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தோடு அது சேர்ந்து, மண் துகள்களின் இடுக்கில் சுண்ணாம்பாகப் படியும். போர் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதே சரக்கு. சிதைவு நடக்கும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் படிவதால் உருண்டையாகிறது. மற்ற சேறு பின்னால் மேல்பாரத்தில் நசுங்கித் தட்டையாகும். இந்த உருண்டைக்குள் இருக்கும் ஓடு மட்டும் நசுங்காமல் தப்பிவிடும்.

எவ்வளவு காலம் ஆகும்? ஒரே விடை கிடையாது. ஜப்பானில் தந்தச் சிப்பிகளை (யானைத் தந்தம் போல வளைந்த ஓடுள்ள கடல் உயிர்களை) சுற்றி இறுகிய சின்ன உருண்டைகள் சில வாரம், சில மாதத்தில் உருவானவை என்று 2015-இல் கணக்கிட்டார்கள். நியூசிலாந்தின் மொராக்கியில் இரண்டு மீட்டர் வரை பருமனுள்ள உருண்டைகள் வளர்ந்து முடிய பல லட்சம் வருடங்கள் ஆகியிருக்கின்றன. முக்திநாத் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் இந்த வகைதான். உள்ளே தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் ஓடு. பக்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் பாட்டி பூஜையிலும் சாளக்கிராமம் இருந்தது.

'2009-இல் செந்துறையில் முட்டை கிடைத்ததே' என்று கட்டாயம் யாராவது கமெண்டில் வருவார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அவை 13 முதல் 20 சென்டிமீட்டர் அளவில், கூட்டம் கூட்டமாகக் கிடைத்தவை. முட்டைக்கு ஓடு உண்டு, ஓட்டில் நுண்துளை உண்டு. உங்கள் கல்லில் அது இருக்காது. எல்லா உருண்டையிலும் அம்மோனைட் இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. சிலவற்றில் ஒன்றுமே தெரியாது.

இன்னொரு ஆதங்கம். நிலவியல் என்றால் 'ஜியாகரபியா?' என்று கேட்பது எப்போது நிற்கும்? ஆசிரியர் வேலைக்குப் போன ஒரு நேர்காணலில், 'பள்ளியில் இந்தப் பாடமே இல்லையே, எதற்குப் படித்தீர்கள்?' என்றார்கள். எங்கள் ஊட்டத்தூர் பெயரை வைத்து உட்டதூரிசெரஸ் என்று ஒரு அம்மோனைட் பேரினமே இருக்கிறது. உலகத்தில் எங்கே தொல்லுயிரியல் படிப்பவரும் அந்தப் பெயரைப் பார்ப்பார். ஊட்டத்தூரிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது தெரியாது.

சரி, உங்கள் கல்லுக்கு வருகிறேன். விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள். உடைக்கவும் வேண்டாம், நான் உடைத்ததை இன்று செய்ய மாட்டேன். எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது, சுற்றிலும் களிமண்ணா மணலா என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கிணற்றுச் சுவரில் இன்னும் சிமெண்ட் பூசவில்லை என்றால், முதலில் அதைப் படம் எடுங்கள்.