சைக்கிள் மங்கியது லென்ஸால் அல்ல

கேள்வி: ஏழைப் பிள்ளைகளின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்ட, அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் சைக்கிள் பயணம் நடத்துகிறோம். படம் எடுப்பது என் பொறுப்பு. போன வருஷம் எல்லாரும் மங்கலாக விழுந்துவிட்டார்கள். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது. தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். கடன் வாங்கி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சாதாரணமாக மிதிப்பவர் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறார் என்று வையுங்கள்; நொடிக்கு ஏழு மீட்டர். தானியங்கி ('ஆட்டோ') முறையில் விட்ட கேமரா மரத்தடி நிழலில் 1/125 நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் சைக்கிள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகம் கலையத்தான் செய்யும். எந்த லென்ஸைப் போட்டாலும் அந்த ஐந்தரை சென்டிமீட்டர் குறையாது.

கேமரா மேலே உள்ள திருகியை 'எஸ்' (S) அல்லது 'டிவி' (Tv) என்ற இடத்தில் வையுங்கள். ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம், உங்கள் கைக்கு வந்துவிடும். 1/1000 நொடி வைத்தால் எல்லாம் உறைந்து நிற்கும். ஆனால் சக்கரக் கம்பிகளும் உறைந்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிள் மாதிரி தெரியும். 1/60 வையுங்கள். காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி, வருகிறவரோடு கேமராவும் போகட்டும். அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தக் கூடாது. ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே மாறும் தொடர் முறையில் இருக்கட்டும். கேமராவும் கூடவே நகர்வதால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழும். இதுதான் பேனிங். பத்துக்கு இரண்டு தேறினாலே நல்ல நாள்.

பழக இடம் தேட வேண்டாம். தாமிரபரணி மேல் 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளை நோக்கி வருகிறவர் முகத்தில் வெயில் விழும். வேலைக்குப் போகிற சைக்கிள்காரர்களை வைத்தே நாலு நாள் பழகலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கொடியசைப்பு விடியுமுன் ஐந்தரைக்கு என்றால், தெருவிளக்கில் உங்கள் லென்ஸ் திணறும். 55 மி.மீ.-ல் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அதுவும் கொடியசைப்புக்கு மட்டும்தான். சூரியன் வந்ததும் பழைய லென்ஸே போதும். அந்த 50 மி.மீ. லென்ஸையும் வாங்காமல் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் கேமராவில் பொருந்துகிறதா என்று முதல் நாளே மாட்டிப் பாருங்கள். லென்ஸ் கிடைக்கவில்லை என்று ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டில் மிதித்து வருகிறவர் கண் கூசி விழுவார்.

அந்தக் கடைக்காரர் அடுத்து செகண்ட் ஹேண்டு லென்ஸ் காட்டுவார். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. விலை பேசாமல் வெளியே வாருங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் 'பிராசஸிங்' கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடையைவிட எனக்குப் பயம் ஒருங்கிணைப்பாளர் என்று வந்து நிற்கிற இடைத்தரகர்தான். இப்படி ஓர் அறப்பணிப் பயணத்தில் நான் காசு வாங்காமல் எடுத்த படங்களை ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஓட்டியவர்களிடமே படம் 200 ரூபாய் என்று விற்றார். நோயாளிகளுக்கு ஒரு பைசா போகவில்லை. புகார் கொடுக்கப் போனால் ஒவ்வொரு மேசையிலும் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள். படம் எடுக்கிறவன் உழைப்பு யார் கணக்கிலும் இல்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு வாங்காமல் நீங்களாக எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை உங்களுடையது. எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது கைமாறும். வாயால் சொன்னது செல்லாது. அதனால்தான் வருகைப் பதிவு என்று சொல்லி ஆங்கிலத்தில் மூன்று பக்கத் தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அதற்கு மேலேயே, "இந்தச் சிகிச்சை நிதிக்கான விளம்பரத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு, விற்பனைக்கு அல்ல" என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.