பாரசீக வளைகுடாவில் இருந்த அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்தது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வெளிநாடுகளில் இருந்த தூதரகங்களின் செலவு லண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே எவ்வாறு பங்கிடப்பட்டது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: அந்தக் காலத்துப் பவுனை (தங்கப் பவுன் அன்று, பிரிட்டிஷ் பணமான பவுண்டை) இன்றைய ரூபாயாக மாற்றிச் சொல்லும்படி கேட்காதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இந்தியாவின் வெளியுறவை லண்டன்தானே முடிவு செய்தது? அப்படியிருக்க, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு இந்தியா ஏன் பணம் கொடுத்தது?

மிக நல்ல கேள்வி, அம்மா. விடை கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இருக்கிறது. பாரசீக வளைகுடாவின் கரையில், பாரசீகத்தில் (இன்றைய ஈரானில்) உள்ள புஷையரில் கம்பெனி 1763-இல் ஒரு வணிக நிலையம் அமைத்தது. துணி விற்பதற்காக வந்த அந்த நிலையத்தின் தலைவர் நாளடைவில் சுற்றியிருந்த ஷேக்குகளோடு ஒப்பந்தம் பேசும் அரசியல் அதிகாரியாக மாறினார். மஸ்கட், பாக்தாத், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் ஆகிய இடங்களிலும் கம்பெனியின் அதிகாரிகள் இருந்தார்கள். கம்பெனியின் செலவாகத் தொடங்கியதால், 1858-இல் ஆட்சி அரசியிடம் போன பிறகும் அது இந்தியக் கணக்கிலேயே தங்கிவிட்டது. இந்திய வருவாயை இந்திய ஆட்சியின் தேவைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று அந்த ஆண்டின் சட்டம் சொன்னது. ஆனால் எது இந்திய ஆட்சியின் தேவை என்பதை லண்டனில் இருந்த இந்தியா மந்திரியே (இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர்) முடிவு செய்தார்.

இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பைக் கவனியுங்கள். புஷையரில் இருந்தவர் இந்திய அரசின் ரெசிடெண்ட், அதாவது அரசியல் பிரதிநிதி. 1878 முதல் அவரே பிரிட்டிஷ் அரசின் கான்சல் ஜெனரல் என்னும் துணைத் தூதராகவும் இருந்தார். ஒரே மனிதர், ஒரே மேசை, இரண்டு எசமானர்கள். ரெசிடெண்ட் என்ற முறையில் இந்திய அரசுக்கும், கான்சல் என்ற முறையில் டெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதருக்கும் அவர் எழுதினார். அவருடைய ஒரு நாள் உழைப்பில் எத்தனை மணி நேரம் இந்தியாவுடையது, எத்தனை மணி நேரம் லண்டனுடையது என்று எந்தக் கணக்கரால் பிரிக்க முடியும்?

டெஹ்ரான் தூதரகமே இரு கைகளுக்கிடையில் பந்தாடப்பட்டது. 1859-இல் இந்தியா மந்திரியின் பொறுப்பில் ஹென்றி ராலின்சன் அங்கே அனுப்பப்பட்டார்; மறு ஆண்டே தூதரகம் லண்டன் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட, அவர் பதவியை விட்டு விலகினார். தூதரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வெளியுறவுத் துறைக்குப் போன பின்பும், செலவில் ஒரு பங்கு இந்தியாவின் தலைமேலேயே இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழக்கறிஞர்: நம் பாரமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) விவசாயி கட்டிய தீர்வையும் அதில் போனதா?

இந்த வயலின் தீர்வை இந்தத் தூதரகத்துக்கு என்று ஒதுக்கீடு எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே பொதுக் கருவூலம். ஆனால் காலப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது; அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அவர்கள் அந்தப் பணியில் இருந்த காலம் முடியும் தறுவாயில், 1799-இன் கடைசியில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு ஜான் மால்கமைப் பாரசீகத்துக்கு அனுப்பினார். ஆப்கானிய மன்னர் சமான் ஷா இந்தியாவுக்குள் வராமல் தடுப்பதும், பிரெஞ்சுக்காரர்களை விலக்கி வைப்பதும் நோக்கம். விலையுயர்ந்த பரிசுகளோடு ஆடம்பரமாகச் சென்ற அந்தத் தூதுக்குழுவின் செலவைக் கம்பெனி ஏற்றது. கம்பெனியின் வருவாயில் பாரமகாலும் ஒரு பகுதி. 1792-க்கு முன் பாரமகாலை ஆண்ட திப்புவும் 1786-இல் இஸ்தான்புல்லுக்குத் தூதுக்குழு அனுப்பினார், மஸ்கட்டில் வணிக நிலையம் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அரூரிலிருந்து: வளைகுடாச் செலவு இன்றைய மதிப்பில் எத்தனை கோடி இருக்கும்?

இதைத்தான் கேட்க வேண்டாம் என்றேன், காரணத்தைச் சொல்கிறேன். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது ஒரு பவுனுக்குச் சுமார் 10 ரூபாய். வெள்ளி விலை சரியச் சரிய, 1894-இல் ரூபாய் 1 ஷில்லிங் 1 பென்னி அளவுக்கு இறங்கியது. ஒரு பவுனுக்கு 18 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் 15 ரூபாயில் நிறுத்தப்பட்டது. ஆகவே லண்டனில் பவுனாகத் தீர்க்க வேண்டிய பங்கு ஒரு பென்னிகூடக் கூடாமலேயே, இந்திய விவசாயியின் மேல் ஏறிய சுமை முக்கால் பங்குக்கும் மேல் கூடியது. இன்றைய கோடிகளில் சொன்னால், நாம் அறிய வேண்டிய இந்த உண்மைதான் முதலில் மறைந்துபோகும்.

தருமபுரியிலிருந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: வெல்பி ஆணையம் எந்த ஆண்டு?

இந்தியாவின் செலவுகளையும், அவற்றை இந்தியாவும் பிரிட்டனும் பங்கிட வேண்டிய முறையையும் ஆராய்ந்த அந்த ஆணையம் 1895-இல் நியமிக்கப்பட்டது, 1900-இல் அறிக்கை தந்தது. தாதாபாய் நவ்ரோஜி உறுப்பினர். கோகலே 1897-இல் சாட்சியம் அளித்தார்.

ஓசூரிலிருந்து ஓர் ஏற்றுமதியாளர்: பாரசீகத் தூதரகச் செலவை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர வேண்டும் என்று வெல்பி ஆணையம் சொன்னது நியாயம்தானே? வளைகுடாவில் வணிகம் செய்தவர்கள் இந்தியர்கள். பயன் பெற்றவர் பணம் கொடுக்க வேண்டாமா?

உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன், ஐயா. மஸ்கட்டிலும் பஹ்ரைனிலும் கட்ச், சிந்து வணிகர்கள் இருந்தார்கள். கராச்சியிலிருந்து வளைகுடா வழியாக 1864-இல் போடப்பட்ட தந்திக் கம்பி இந்தியச் செய்திகளைச் சுமந்தது. இவற்றுக்காக ஓர் அதிகாரி இருந்தால், அவருக்கு இந்தியா சம்பளம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் டெஹ்ரானில் ரஷ்யத் தூதரோடு நடந்த பலப்பரீட்சை ஐரோப்பிய வல்லரசுகளின் பகை. அதில் பிரிட்டனின் பெருமைக்கு எவ்வளவு, இந்தியாவின் பாதுகாப்புக்கு எவ்வளவு என்று எடைபோட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். தராசு ஒருவர் கையில் இருக்கும்போது, தட்டு சமமாக நிற்கிறது என்ற சான்றையும் அவரே தருவது போதாது.

அதே ஓசூர் வாசகர், மீண்டும்: ரஷ்யா வந்திருந்தால் முதலில் அடிபட்டிருப்பது இந்தியாதானே? காவலுக்குப் பணம் கொடுப்பதை அநியாயம் என்பது உணர்ச்சிப் பேச்சு.

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கையே பார்ப்போம். மஸ்கட்டையும் சான்சிபாரையும் சேர்த்து ஆண்ட சையத் சயீத் 1856-இல் இறந்த பிறகு, அவ்விரண்டையும் அவருடைய இரு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, சான்சிபார் ஆண்டுதோறும் மஸ்கட்டுக்கு 40,000 கிரவுன் (அங்கே புழங்கிய வெள்ளி நாணயம்) தர வேண்டும் என்று இந்திய வைஸ்ராய் கானிங் பிரபு 1861-இல் தீர்ப்பளித்தார். 1873-இல் பிரிட்டிஷ் தூதரான பார்ட்டில் ஃபிரேர் அடிமை வணிகத்தை ஒழிக்கும் ஒப்பந்தங்களுக்காக இரு சுல்தான்களிடமும் சென்றார். அடிமை வணிகத்தை ஒழித்தது உயர்ந்த செயல். அதை வற்புறுத்தியது பிரிட்டிஷ் மக்களின் மனசாட்சி. ஆனால் சான்சிபார் நிறுத்திவிட்ட அந்த மானியத்தை மஸ்கட் சுல்தானுக்குத் தரும் பொறுப்பு அதன் பிறகு இந்தியக் கருவூலத்தின் மேல் விழுந்தது. இந்த 40,000 கிரவுனில் ரஷ்யா எங்கே இருக்கிறது? இந்தியாவின் எந்த எல்லைக்கு இது காவல்?

இன்னொன்றும் உண்டு. துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் 1867-இல் லண்டன் வந்தபோது, அவருக்காக இந்தியா மந்திரியின் அலுவலகமான இந்தியா ஆபீசில் நடந்த நடன விருந்தின் செலவு இந்திய வருவாயில் எழுதப்பட்டது. அதைப் பாராளுமன்றத்தில் கண்டித்த ஹென்றி ஃபாசெட் ஓர் ஆங்கிலேயர். ஒரு விருந்துச் செலவைக்கூட இப்படித் தள்ளிவிட முடிந்த இடத்தில், தூதரகச் செலவு மட்டும் நேர்மையாக அளக்கப்பட்டது என்று நான் எப்படி நம்புவது?

வெல்பி ஆணையத்துக்கும் உரிய மதிப்பைத் தர வேண்டும். ஏடன் இராணுவச் செலவில் பாதியையும், இந்தியா ஆபீஸ் செலவுக்காக ஆண்டுக்கு 50,000 பவுனையும் பிரிட்டன் ஏற்க வேண்டும் என்று அது சொன்னது. அதுவரை இந்தியா கூடுதலாகச் சுமந்தது என்பதற்கு அதுவே ஒப்புதல்.

ஊத்தங்கரையிலிருந்து: வளைகுடாச் செலவின் இன்றைய மதிப்பு?

மேலே அரூர் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: எங்கள் ஊருக்கு அருகில் உள்ள நடுகல்லைப் பற்றிச் சொல்ல முடியுமா?

என் துறை அன்று. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள். கல்லை நகர்த்தாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து, மகன் மெல்போர்னில் இருக்கும் ஒரு தாய்: ஆஸ்திரேலியாவும் இப்படிப் பங்கு கொடுத்ததா?

தூதரகத்துக்கு அன்று, ஆனால் மிக நெருங்கிய ஒரு செலவுக்குக் கொடுத்தது. ஜெர்மனி வந்துவிடும் என்ற அச்சத்தில் 1883-இல் குவீன்ஸ்லாந்து தானாகவே நியூ கினியைச் சேர்த்துக்கொள்ள முயன்றது, லண்டன் மறுத்தது. பிறகு தென்கிழக்குப் பகுதி பிரிட்டிஷ் பாதுகாப்பில் வந்தபோது, நிர்வாகச் செலவைக் குடியேற்றங்கள் ஏற்க வேண்டும் என்று பேசப்பட்டு, குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 15,000 பவுன் தர ஒப்புக்கொண்டன. அதற்கான சட்டம் 1887-இல் குவீன்ஸ்லாந்தின் சொந்தச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஓசூர் ஐயா இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்: அங்கே பேரம் பேச ஒரு சபை இருந்தது. கல்கத்தாவில் வரவுசெலவை வாக்கெடுப்பால் மறுக்கக்கூடிய சபை இல்லை.

பென்னாகரத்திலிருந்து: என் கொள்ளுத்தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கே நம் அரசின் அதிகாரி யாராவது இருந்தாரா? அவர் சம்பளம் யார் கொடுத்தது?

இருந்தார். 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் மலாயாவிலும் இலங்கையிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அமர்த்தப்பட்டார்கள்; அவர்கள் இந்திய அரசின் ஊழியர்கள். தோட்டங்களுக்குச் சென்று கூலி, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. கப்பல் கட்டணம் வேறு கணக்கு: மலாயாவில் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்த குடியேற்ற நிதியிலிருந்து அது கொடுக்கப்பட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவதானால், 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்ததால், சேலம் என்ற பெயரிலேயே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

ஓசூர் வாசகர், மூன்றாம் முறை: அப்படியானால் இந்தியா பணம் கொடுத்த எந்த வெளிநாட்டுப் பதவியைத்தான் நீங்கள் ஏற்பீர்கள்?

பென்னாகரத்தாருக்குச் சொன்ன அந்த ஏஜெண்டுகளை ஏற்பேன். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட கேப்டவுன் உடன்பாட்டுக்குப் பின் 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஏஜெண்டாகச் சென்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரையும் ஏற்பேன். அந்தப் பதவி அங்கே வாழ்ந்த இந்தியர்களுக்காகவே உருவானது. அது வேண்டும் என்று இந்தியப் பொதுமக்களே குரல் கொடுத்தார்கள். 1941-இல் அது ஹை கமிஷனர் பதவியாக உயர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் நில உரிமையைக் குறுக்கும் சட்டம் 1946-இல் வந்தபோது, இந்தியா அந்த அதிகாரியைத் திரும்ப அழைத்துக்கொண்டது.