பாய்ப்படகுக்குப் பட்டறையில் செய்த சாமான்கள்: கேள்வி பதில்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பிழைப்பு பம்பு உதிரிபாகத்தில், மனம் படகில். என் 12 அடி ஒட்டுப்பலகைப் பாய்ப்படகில் பாய்மரத்தையும் கயிற்றையும் பிடித்திருக்கும் எல்லாச் சாமான்களும் என் பட்டறையில் செய்தவை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பொள்ளாச்சி: ஐயா, பாய்மரத்தின் பக்கக் கம்பிகளைப் படகின் விளிம்பில் பிடிக்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பட்டையை எத்தனை மி.மீ. கனத்தில் செய்வது?

அந்தப் பட்டைக்குச் செயின் பிளேட் என்று பெயர். கனத்தை முடிவு செய்யும் முன் அதன் மேல் வரும் சுமையைக் கணக்குப் போட வேண்டும். காற்று பாயைத் தள்ளும்போது படகைக் கவிழாமல் நிறுத்துவது பெரும்பாலும் உங்கள் உடல் எடைதான். 75 கிலோ ஆள் ஒருவர் படகின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் வெளியே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், கம்பி நடுக்கோட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75-ஐ 0.6-ஆல் வகுத்தால் 125 கிலோ. இரண்டு பேர் என்றால் 250. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று சீராக வீசாது, அறைந்து அறைந்து வீசும். அதனால் நான் நான்கு மடங்கு வைத்து 1,000 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பட்டைக்கு வாருங்கள். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம், அதில் 8 மி.மீ. துளை. துளை போக மிஞ்சுவது 17 மி.மீ.; அதை 3-ஆல் பெருக்கினால் 51 சதுர மி.மீ. 304 தரத்து எஸ்.எஸ். சதுர மி.மீ.க்கு 205 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆக 10,455 நியூட்டன்; 9.81-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,065 கிலோ. 3 மி.மீ. போதும். துளையின் மையம் பட்டையின் நுனியிலிருந்து குறைந்தது 16 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

ஆனால் என் முதல் செயின் பிளேட் 5 மி.மீ. கனம். அதுதான் உடைந்தது. வைஸில் பிடித்துச் சுத்தியலால் கூர்மையாக ஒடித்து வளைத்திருந்தேன். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் அன்றே விழுந்திருக்க வேண்டும். பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கியதில் அது என் கண்ணுக்குப் படவில்லை. இரண்டாவது பருவத்தில், நடு நீரில், பாய்மரம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. என் மகன் முன்பக்கம் குனிந்திருந்ததால் மரம் அவன் முதுகுக்கு மேலே போய் விழுந்தது. அன்று முதல் வளைவின் உள் ஆரம் பட்டையின் கனத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். வளைத்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். துளையின் விளிம்பில் பிசிறு இல்லாமல் இரு பக்கமும் சீவிவிடுகிறேன். விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்பும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பட்டை கம்பி போகும் திசையிலேயே சாய்ந்திருக்க வேண்டும். படகின் விளிம்பில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, கம்பியை உள்நோக்கி இழுத்துக் கட்டினால், ஒவ்வொரு முறை காற்று மாறும்போதும் பட்டை மடங்கி நிமிரும். ஆயிரம் முறை மடங்கிய பிறகு எந்தக் கனமும் உதவாது. ஒரு நூலை மரத்தின் உச்சியிலிருந்து இழுத்துப் பிடித்து, அந்தக் கோட்டிலேயே பட்டையைப் பொருத்துங்கள்.

திருப்பூர்: காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 304 என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். வாசல் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போகும் 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், சீக்கிரம் துருவேறும். எஸ்.எஸ். கடைகளில் தரம் பார்க்கும் சொட்டுத் திரவம் வைத்திருப்பார்கள். உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல 304 பட்டையும் வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்தை இழுக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஏரி, அணை நீருக்கு 304 போதும். தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ எடுத்துப் போவதாக இருந்தால் 316 வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு நீரில் குழி விழுவது குறைவு.

பவானி: அண்ணா, கம்பியின் நுனியை மடக்கி யு கிளாம்ப் போட்டு முறுக்கினால் போதாதா?

எந்தக் கம்பி என்பதைப் பொறுத்தது தம்பி. 19 இழைகள் ஒரே முறுக்காக இருக்கும் 1×19 கம்பி விறைப்பானது. அதை வளையத்தில் மடக்கவே கூடாது. அதற்கு நுனியில் எந்திரத்தால் நசுக்கிப் பொருத்தும் முனை வேண்டும். மடக்குவதாக இருந்தால் 7×7 அல்லது 7×19 வாங்குங்கள். மடித்த கண்ணியின் உள்ளே, கம்பி நசுங்காமல் காக்கும் திம்பிள் வளையம் கட்டாயம். கிளாம்ப் குறைந்தது மூன்று. சுமை தாங்கும் நீளக் கம்பியின் மேல் கிளாம்பின் தட்டைப் பகுதி உட்கார வேண்டும். யு வளைவு வெட்டி விட்ட நுனியின் மேல்தான் அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் சுமைக் கம்பி நசுங்கிவிடும். ஒருமுறை இழுத்து ஓட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள்.

கம்பியைத் திருகி இறுக்குவதற்குக் கொக்கி வைத்த டர்ன்பக்கிள் வேண்டாம், கொக்கி விரியும். நான் டர்ன்பக்கிளையே கழற்றிவிட்டு, 3 மி.மீ. டைனீமா என்ற உறுதியான செயற்கை இழைக் கயிற்றை நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். டைனீமாவில் முடிச்சுப் போட்டால் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடும், வழுக்கவும் வழுக்கும். கண்ணி வேண்டிய இடத்தில் நுனியைக் கயிற்றின் உள்ளேயே செருகுங்கள். செருகும் நீளம் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது வழக்கம், 4 மி.மீ. கயிற்றுக்கு 29 செ.மீ.

சோமனூர்: எங்கள் ஊரில் தறி உதிரிபாகக் கடைகளில் நைலான் உருளைகள் கிடைக்கின்றன. கப்பிக்கு எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

எடுக்கலாம் அம்மணி, ஒரு திருத்தத்தோடு. தறிக்கூடத்தில் அந்த உருளை காய்ந்தே இருக்கிறது. படகில் நாள் முழுவதும் நனையும். நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை நீர் குடித்து உப்பும். அச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அச்சுத் துளையைச் சற்றுத் தாராளமாகப் போடுங்கள். முடிந்தால் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் உருண்டைக் கம்பி வாங்கி லேத்தில் கடைந்துகொள்ளுங்கள், அது நீரை ஒரு சதவீத அளவுக்குத்தான் குடிக்கும்.

என் பாட்டனார் மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றின் மர உருளை எங்கள் தோட்டத்து வீட்டில் இன்னும் கிடக்கிறது. வடம் உட்காரும் பள்ளம் வடத்தின் பருமனுக்குச் சரியாக, வழவழவென்று இருக்கும். கப்பிக்கும் அதே பொருத்தம் வேண்டும். பள்ளம் குறுகினால் கயிறு கடிபடும், அகன்றால் தட்டையாகி நசுங்கும்.

கப்பியின் கன்னத் தகடுகளையும் அச்சையும் உருளையை விட முக்கியமாகக் கருதுங்கள். பாய்மர உச்சியில் கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே வருகிறது. பாய் 40 கிலோவுக்கு இழுத்தால், அதைப் பிடிக்க மறுபக்கமும் 40 கிலோ. கப்பி தொங்கும் கொண்டியில் 80 கிலோ. கயிற்றின் சுமையை மட்டும் பார்த்துக் கொண்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம்.

கரூர்: கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) வார்த்து எடுக்கலாமா?

கயிறு கட்டும் க்ளீட், கயிறு வழிநடத்தும் வளையம், சுக்கான் கீல் ஆகியவற்றுக்குத் தாராளமாக. கோவையில் பம்பு இம்பெல்லர் வார்க்கும் சிறு பவுண்டரிகள் மர மாதிரி கொடுத்தால் செய்து தருவார்கள். பக்கக் கம்பி தொங்கும் எதையும் வார்ப்பில் செய்யாதீர்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் வெளியே தெரியாது. க்ளீட்டுக்கு மரமே அழகு. வண்டிச் சக்கரம் செய்யும் கருவேலத்தில் நான் செய்தது இன்றும் உழைக்கிறது. 6 மி.மீ. கயிற்றுக்கு 10 செ.மீ. நீளம், கயிறு வரும் கோட்டிலிருந்து 15 பாகை திருப்பிப் பொருத்தினால் கயிறு தன்மேலேயே சிக்காது.

ஈரோடு: போல்ட் போட்ட இடத்தில் ஒட்டுப்பலகை கறுத்து ஊறிவிட்டது. என்ன செய்வது?

பலகையின் துளைக்குள் நீர் இறங்கியிருக்கிறது. கறுத்த பகுதியைச் சுரண்டி நன்றாகக் காய விடுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சிப் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே 6 மி.மீ. துளையிடுங்கள். இனி போல்ட் மரத்தைத் தொடாது. உள்பக்கம் வாஷர் மட்டும் போதாது. உள்ளங்கை அகலத்தில் 12 மி.மீ. பலகையோ 3 மி.மீ. அலுமினியத் தகடோ வைத்து, தளராத நைலாக் நட்டால் முறுக்குங்கள். பலகையே, நீரில் பயன்படும் ஒட்டுப்பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

அலுமினியப் பாய்மரத்தில் எஸ்.எஸ். சாமான் வைக்கும்போது இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கொடுங்கள். இரண்டும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கும்.

கோபிசெட்டிபாளையம்: என் மகளுக்குப் பதினோரு வயது. முதல் படகாக எதைச் செய்து கொடுக்கலாம்?

ஆப்டிமிஸ்ட். 1947-இல் அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது, 2.3 மீட்டர் நீளம். அதன் மரத்துக்குப் பக்கக் கம்பியே கிடையாது. ஒரு துளையில் நட்டு வைத்தால் நிற்கும். செயின் பிளேட் கவலையே இல்லை. நல்ல உயிர்காப்பு அங்கியை முதலில் வாங்குங்கள்.

மேட்டூர்: அணையில் ஓட்டலாமா?

நீர்வளத் துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எந்த அணையிலும் இறக்காதீர்கள்.

சேலம்: செய்த சாமான் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீரில் இறக்கும் முன் தரையில் இழுத்துப் பாருங்கள். பட்டறையின் தூணுக்கும் ஒரு செயின் புல்லிக்கும் நடுவே சாமானை மாட்டி, வரிசையில் ஒரு தொங்கு தராசையும் சேர்த்து, கணக்கில் வந்த வேலைச் சுமையைப் போல இரு மடங்குக்கு மெல்ல ஏற்றுங்கள். பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்ன கணக்கில் அது 500 கிலோ. பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அறுந்தால் பாயும் என்பதால் கம்பியின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்துங்கள். இழுக்கும் கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது.

இறக்கிய பிறகு துளையை வெர்னியரால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. துளை 8.2 ஆகியிருந்தால் அந்தப் பட்டையைப் பழைய இரும்பில் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். நான் ஒவ்வொரு வைகாசியிலும், காற்று தொடங்கும் முன், எல்லாவற்றையும் கழற்றி இதே அளவைத் திரும்ப எடுத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன்.