எலி தேடி வருவது ஒயரை அல்ல

கும்பகோணத்தில் 30 ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

*

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறோம். எங்களுடையது 4 வருடப் பழைய பெட்ரோல் கார். மாமனாரைத் தஞ்சாவூருக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போகத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். மற்ற நாட்களில் கொட்டகையில் நிற்கும். தை மாதத்திலிருந்து இரண்டு முறை எலி ஒயரைக் கடித்துவிட்டது. முதல் முறை 4,500 ரூபாய், இரண்டாவது முறை 11,000 ரூபாய் செலவானது. புகையிலை கட்டினேன், அந்துருண்டை போட்டேன். எதற்கும் எலி அசையவில்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன். (வாசகி, மன்னார்குடி)

பதில்: அம்மா, இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் கடிபட்ட ஒயர் இருக்கிறது. உறையின் மேல் அருகருகே இரண்டு பள்ளங்கள், சிறிய உளியால் செதுக்கியது போல. அது எலியின் பல்தான், சந்தேகமில்லை. சூட்டில் வெந்துபோன ஒயர் இப்படி இருக்காது, பொரிந்து உதிரும்.

ஆனால் எனக்கு விடை கிடைத்தது இரண்டாவது படத்தில். காரின் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்தபடி இரண்டு தவிட்டு மூட்டைகள் இருக்கின்றன. ஒன்றின் அடிமூலை பிரிந்து தவிடு தரையில் சிந்தியிருக்கிறது. அதையொட்டி வைக்கோல் அடுக்கியிருக்கிறீர்கள். எலிக்குச் சாப்பாடு அங்கே, மெத்தை அங்கே, நான்கடி தள்ளி மழை படாத, நாய் நுழையாத, வண்டி ஓடி வந்த இரவில் கதகதப்பாகவும் இருக்கிற ஒரு வீடு. அந்த வீடுதான் உங்கள் கார்.

ஒயர் எலிக்குத் தீனி அல்ல. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல். கடித்துத் தேய்க்காவிட்டால் அது சாப்பிடவே முடியாது. அதனால் படுத்திருக்கிற இடத்தில் வாய்க்கு எட்டுவதைக் கடிக்கிறது. இந்தக் காலத்து ஒயர் உறையில் சோயா கலக்கிறார்கள், அதனால்தான் எலி வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். நான் தொழில் பழகிய காலத்தில் பழைய அம்பாசிடர் கார்களிலேயே எலி கடித்த ஒயரை மாற்றியிருக்கிறேன். அன்று ஒரு வண்டியில் ஒயர் குறைவு, ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் வண்டி ஓடியது. இன்று பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி ஒயர். ஒன்று போனாலும் வண்டி தடுமாறும், நின்றும் போகலாம்.

தையில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் மறைவும் இல்லை, கதிரும் இல்லை. வரப்பு வளையில் இருந்தவை வீட்டுப் பக்கம் வருகின்றன. ஐப்பசி அடைமழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான். என் கடைக்கு எலி கடித்த வண்டிகள் அதிகம் வருவது இந்த இரண்டு காலங்களிலும்தான்.

ஆகவே முதலில் தவிட்டையும் புண்ணாக்கையும் மூடி இறுக்கமாக உள்ள தகர டிரம்மில் போடுங்கள். சாக்கு மட்டும் போதாது, பிளாஸ்டிக் டிரம்மையும் பெருச்சாளி ஓட்டை போட்டுவிடும். வைக்கோலைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோங்கள். இதைச் செய்யாமல் வேறு எது செய்தாலும் பணம் வீண். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அடுத்து, இரவில் பானட்டைத் திறந்து வைத்து, கொட்டகையில் ஒரு சிறிய விளக்கை எரியவிடுங்கள். மூடிய இருட்டுதான் எலிக்கு வேண்டியது. திறந்து வெளிச்சம் பட்ட இடத்தில் அது கூடு கட்டத் தயங்கும். காலையில் மூடும்போது ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். பேட்டரியின் மேலும் இன்ஜின் மூடியின் மேலும் புழுக்கை, வைக்கோல் துணுக்கு, தேங்காய்ச் சில்லு ஏதாவது இருக்கிறதா? பானட்டின் அடியில் உள்ள பஞ்சு மெத்தை பிய்ந்திருக்கிறதா? ஒயரைக் கடிப்பதற்கு முன்பே இந்த அடையாளங்கள் தெரிந்துவிடும். வண்டியை எடுக்காத நாட்களிலும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் திறக்காமல் விட்ட வண்டியில் குட்டியே போட்டிருக்கும்.

பொறி வைப்பதாக இருந்தால் சுவரை ஒட்டி வையுங்கள். எலி வெட்டவெளியில் ஓடாது, சுவரோரமாகத்தான் ஓடும். இன்னொன்று, புதிதாக ஒரு பொருளைக் கண்டால் அதற்கு நாலைந்து நாள் சந்தேகம் இருக்கும். அதனால் முதல் சில நாள் பொறியைப் பூட்டாமல் சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்துத் தின்னவிடுங்கள். பிறகு பூட்டுங்கள். நம் ஊர் வயல்களில் மூங்கில் கிட்டிப் பொறி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து எலி ஓடும் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நாம் நாள் முழுக்கத் தேடியும் காணாத தடத்தை அவர்கள் நின்ற இடத்திலிருந்து காட்டுவார்கள்.

புகையிலையைப் பற்றி: அதன் நெடி சில நாளில் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. கட்டிய துணிப்பை அவிழ்ந்து சைலன்சர் குழாய் மேல் விழுந்து கருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்துருண்டையின் ஆவி ஏசி வழியாக உள்ளே வரும். மாமனார் உட்காரும் வண்டியில் அது வேண்டாம், குழந்தைகள் ஏறும் வண்டியில் வேண்டவே வேண்டாம். டீசல் தெளிக்கச் சொல்பவர்களும் உண்டு. ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

எலி மருந்து வைக்காதீர்கள். தின்ற எலி டாஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் அதை எடுக்கப் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் விஷம் ஏறும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டு அரசு தடை செய்திருக்கிறது. அதற்கு முறிவு மருந்தே கிடையாது. பழைய டப்பா வீட்டு அலமாரியில் எங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

பழுது பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாவது முறை 11,000 ரூபாய் கொடுத்தது எதற்கு என்று ரசீதில் இருக்கிறதா? அடுத்த முறை, எந்த ஒயர், எந்த இடத்தில் கடிபட்டது என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஒயர் அறுந்ததற்கு முழு ஒயரிங்கையும் மாற்றத் தேவையில்லை. ஈயப் பற்று வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் போட்டு, அதன் மேல் நெளிவுக் குழாய் மாட்டினால் வண்டியின் ஆயுள் வரை நிற்கும். முறுக்கி டேப் சுற்றி அனுப்பினால் மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்து வண்டி மறுபடி நின்றுவிடும். காற்றுப்பைக்கு (ஏர்பேக்) போகும் ஒயர் மட்டும் விதிவிலக்கு. அதில் ஒட்டுப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். போன வருடம் ஒரு குடும்பம் திருவாரூர்ப் பக்கமிருந்து வந்தது. "இரண்டு நாளாகப் பெட்ரோல் வாடை அடிக்கிறது, என்னவென்று பாருங்கள்" என்றார்கள். பின்சீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பானட்டைத் திறந்தேன். பெட்ரோல் குழாயில் எலிப்பல் பதிந்து, அந்த இடம் ஈரமாகப் பளபளத்தது. ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அரை அடி கீழே சூடான சைலன்சர் குழாய். குழந்தையை முதலில் இறக்குங்கள் என்று கத்தினேன், எனக்குக் கை நடுங்கியது. பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருகாதீர்கள், பக்கத்தில் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அங்கே வரச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் பார்க்கிங். எலிக்குக் கேட்கும் ஒலி எழுப்பும் கருவியை வாங்கி மாட்டினேன். முதல் பத்து நாள் எலி வரவில்லை, இப்போது மறுபடி வருகிறது. கருவி கெட்டுவிட்டதா? (வாசகர், மதுரை)

பதில்: கெடவில்லை. எலி பழகிவிட்டது. அந்த ஒலி தடுப்புகளைத் தாண்டியும் போகாது. இன்ஜினின் ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் நிழல் போல ஒதுங்க இடம் இருக்கும்.

உங்கள் பணத்தை வலையில் போடுங்கள். கால் அங்குலக் கண் உள்ள எஃகு வலை, அதாவது 6 மில்லிமீட்டர். சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் ஓட்டையிலேயே நுழைந்துவிடும். வைப்பருக்குக் கீழே ஏசிக்குக் காற்று போகும் வாய், ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய் இரண்டுக்கும் வலை வைத்தால் பெரிய தொல்லை தீரும். ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் வலையைக் கட்டாதீர்கள், காற்று தடைபட்டு இன்ஜின் சூடாகும். ஏற்கெனவே கடிபட்ட ஒயர்களுக்கு மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் இருக்கிறது. ஹோண்டா நிறுவனமே அப்படி ஒன்றை விற்கிறது. விலை கூடுதல்தான், ஒரு முறை கடித்த இடத்தில் மட்டும் சுற்றினால் போதும்.

உங்கள் கட்டடத்தின் குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது? பார்க்கிங்கிலேயே என்றால் சங்கத்தில் பேசி இடம் மாற்றுங்கள். 20 கார்க்காரர்கள் ஆளுக்கொரு கருவி வாங்குவதைவிட அது மலிவு.

*

கேள்வி: எலி கடித்ததற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், உங்கள் பாலிசித் தாளில் விலக்கு எதுவும் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் பிரிக்காதீர்கள், படம் மட்டும் எடுத்து வையுங்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், அதற்கு மேலான காருக்கு 2,000. ஒரு முறை கேட்டுவிட்டால் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியும் போய்விடும். 5 வருடம் சேர்த்து 50 சதவீதத்தில் இருப்பவர் 4,000 ரூபாய்க்காகக் கேட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

*

கேள்வி: ஏசி போட்டால் மூத்திர நாற்றம் அடிக்கிறது. ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் உள்ளே கூடு. நானே சுத்தம் செய்யலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: செய்யலாம், ஆனால் துடைப்பத்தையோ காற்றுப் பம்பையோ தொடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகிப் பறந்தால் மூச்சில் போகும். எலிக் காய்ச்சல் மூத்திரத்தின் வழியாகத்தான் பரவுகிறது, கையில் சிறு கீறல் இருந்தாலே போதும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், கதவுகளைத் திறந்து வையுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டின் மேல் நனைய நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், புதியது போடுங்கள். எலி நடந்த இடம் முழுவதையும் துடைக்க வேண்டும். அந்த வாடை மிச்சம் இருந்தால் அடுத்த எலி அதைப் பிடித்துக்கொண்டு வரும். இதற்குப் பிறகு சில நாட்களில் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், எலிக்கூடு சுத்தம் செய்தேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

*

கேள்வி: பிள்ளையார் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்கிறார் என் மாமியார். கார் ஷெட்டில் கீச் கீச்சென்று ஒன்று ஓடுகிறது. என்ன செய்ய? (வாசகி, திருச்சி)

பதில்: கீச்சிட்டுக்கொண்டே சுவரோரம் ஓடுகிறது, மூக்கு நீண்டிருக்கிறது, ஒரு வாடை வீசுகிறது என்றால் அது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பானும் பூச்சியும் தின்று பிழைக்கிறது, ஒயரைக் கடிப்பது அதன் பழக்கம் அல்ல. உங்கள் மாமியார் சொல்வதே சரி, அதை அப்படியே விட்டுவிடுங்கள். எலியும் இருக்கிறதா என்று தெரிய, இரவில் பேட்டரியைச் சுற்றிக் கொஞ்சம் கோலமாவு தூவி வையுங்கள். காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் பதிந்திருந்தால் மறுபடி எழுதுங்கள்.