தேனீ கொட்டினால் என்ன செய்வது? ஏற்காட்டு நர்சம்மாவின் பதில்கள்

சேர்வராயன் மலையில் மிளகுப் பறிப்பு முடிகிற நேரத்தில் காப்பி பூக்கத் தொடங்கும். தேனீக்கள் தோட்டம் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். கொட்டு வாங்கி வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம். இருபத்தேழு வருஷம் இந்த மலையில் நர்சாக வேலை பார்த்தேன். இப்போது வீட்டுத் தோட்டத்தில் ஆறு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன், நானும் கொட்டு வாங்காத மாதம் இல்லை. நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய்: பையனுக்குத் தேனீ கொட்டியதும் மாமியார் சுண்ணாம்பு தடவிவிட்டார். கொடுக்கு உள்ளேயே இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?

கொடுக்கை எடுத்திருக்க வேண்டும். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. தோலில் மாட்டிக்கொண்டு விஷப்பையோடு பிய்ந்து வந்துவிடும். தேனீ போன பிறகும் அந்தப் பை தானாகவே துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். பெரும்பகுதி முதல் அரை நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். "கிள்ளினால் பை நசுங்கி விஷம் ஏறும், அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும்" என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அது சரியில்லை. கிள்ளினாலும் வழித்தாலும் வீக்கம் ஒன்றுதான், தாமதித்தால்தான் கூடுகிறது. அட்டை தேடி வீட்டுக்குள் ஓடாமல் நகத்தால் எடுத்துப் போடுங்கள்.

அப்புறம் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும், அது மற்றத் தேனீக்களையும் கூப்பிடும். சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிஷம் வைத்து எடுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தோலை வெந்துபோகச் செய்யும். பையன் அதே கையால் கண்ணைத் தேய்த்தால் பெரிய ஆபத்து. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் தடவியிருப்பார்.

ஓமலூர் விவசாயி: வெங்காயம், மஞ்சள், தும்பை இலை, புகையிலை, மண்ணெண்ணெய், இரும்பை வைத்துத் தேய்ப்பது என்று ஊரில் பல வைத்தியம் இருக்கிறது. எதை நம்பலாம்?

ஐயா, இவற்றில் எதுவும் உள்ளே போன விஷத்தை முறிக்காது. வலியைக் கொஞ்சம் தணிக்குமா, கெடுதல் செய்யுமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வெங்காயத்தை நறுக்கி வைத்தால் ஈரமும் குளிர்ச்சியும் இதமாக இருக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசுவதும் அப்படித்தான், கெடுதல் இல்லை. ஆனால் கொடுக்கு எங்கே என்று தெரியாமல் மஞ்சள் மறைத்துவிடும், அதனால் முதலில் எடுத்துவிட்டுப் பூசுங்கள். தும்பையை எங்கள் மலைக் கிராமங்களிலும் கசக்கி வைப்பார்கள். நன்றாகக் கழுவிய இலையாக இருக்கட்டும், தோல் சிராய்த்திருந்தால் வேண்டாம். இரும்பு சில்லென்று இருப்பதால் அழுத்தி வைத்தால் சுகமாகத் தெரியும். தேய்க்கும்போதுதான் கொடுக்கு முறிந்து உள்ளே தங்கிவிடுகிறது, ஆகவே தேய்க்காதீர்கள். மென்ற புகையிலை, மண்ணெண்ணெய், சாணம் மூன்றும் கூடவே கூடாது. முதல் இரண்டும் தோலை எரிக்கும், சாணம் புண்ணில் கிருமியைச் சேர்க்கும்.

என் வீட்டில் நான் செய்வது ஐஸும் காலமைன் லோஷனும்தான். அரிப்பு தாங்கவில்லையென்றால் செட்ரிசின் மாத்திரை ஒன்று, வலி இருந்தால் பாராசிட்டமால்.

கன்னங்குறிச்சி கல்லூரி மாணவி: தேனீ விஷம் அமிலம், அதற்குச் சோடா உப்பு. குளவி விஷம் காரம், அதற்கு வினிகர். இது சரியா அம்மா?

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்காது கண்ணு. கொடுக்கு விஷத்தைத் தோலுக்கு அடியில் விடுகிறது. மேலே தடவுகிற உப்பு அங்கே போய்ச் சேராது. வலிக்கும் வீக்கத்துக்கும் முக்கியக் காரணம் புளிப்பும் காரமும் அல்ல, விஷத்தில் இருக்கிற மெலிட்டின் போன்ற புரதப் பொருள்கள். குளவி விஷம் அப்படியொன்றும் காரமானதும் இல்லை.

நாகலூர் எஸ்டேட் தொழிலாளி: போன வருஷம் ஒரே ஒரு தேனீதான் கொட்டியது. உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றியது. மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. இந்த வருஷமும் மிளகு பறிக்க ஏறலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரும் மிளகு பறிப்பவர். கொட்டிய பிறகு உடம்பெல்லாம் தடிப்போடு வந்தார், ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியபோது மலைத்தேனீ மூன்று கொட்டின. மூன்றே மூன்று. வீட்டில் இரும்பைத் தேய்த்து, பச்சிலைக்கு ஆள் அனுப்பி, போன ஆள் வரட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஜீப்பில் உட்கார வைத்துக் கொண்டுவந்தபோது உதடு நீலமாகி, குரல் போயிருந்தது. டாக்டர் சொன்னபடி தொடையில் அட்ரினலின் ஊசி போட்டோம். பத்து நிமிஷத்தில் மூச்சு திரும்பியது. பிழைத்தார், ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு நானும் ஒரு காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். முன்னமே சொல்லியிருந்தால் அவர் மனைவி பச்சிலைக்குக் காத்திருக்க மாட்டார்.

அதனால் உங்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்மல், இரைப்பு, வாந்தி, கண் இருட்டுவது, இவற்றில் ஏதாவது வந்தால் அது ஒவ்வாமை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அலர்ஜி மாத்திரை தடிப்பைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. 108க்கு அழையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போகத்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள், முதல் ஊசியைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். வழியில் கால் உயர்த்திப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். சரியாகிவிட்டது என்று உடனே வீடு திரும்ப வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும்.

மரம் ஏறுவதை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். மேஸ்திரியிடம் காரணத்தைச் சொல்லிக் களத்து வேலை கேளுங்கள். அலர்ஜி டாக்டரையும் ஒரு முறை பாருங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: இரண்டு நாளாகக் கை முழங்கை வரை வீங்கியிருக்கிறது. ஆன்டிபயாடிக் வாங்கிப் போடலாமா?

வேண்டாம். சிலருக்கு வீக்கம் இரண்டாம் நாள் வரை ஏறி, ஒரு வாரத்தில்தான் வடியும். அது விஷத்துக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு, சீழ் அல்ல. கையை உயர்த்தி வைத்து ஐஸ் வையுங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடினால், காய்ச்சலோ சீழோ வந்தால் டாக்டரிடம் போங்கள்.

ஆத்தூரிலிருந்து ஒருவர்: கூட்டமாகத் துரத்தினால் தண்ணீரில் குதிக்கலாமா? எத்தனை கொட்டினால் ஆபத்து?

குதிக்காதீர்கள். தேனீக்கள் மேலேயே சுற்றும், தலையைத் தூக்கியதும் முகத்தில் கொட்டும். கையை வீசாமல், சட்டையையோ துண்டையோ முகத்தில் போர்த்திக்கொண்டு நிற்காமல் ஓடி, ஒரு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கொடுக்குகளை அதன் பிறகு எடுக்கலாம்.

ஒவ்வாமையே இல்லாதவருக்கும் ஐம்பதுக்கு மேல் கொட்டினால் மருத்துவமனைதான். சிறு குழந்தைக்குப் பத்து கொட்டே அதிகம். நிறையக் கொட்டு வாங்கியவருக்கு ஓரிரு நாளில் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். நன்றாக இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மாடியில் மலைத்தேனீயோ கதண்டோ (பெரிய குளவி) கூடு கட்டியிருந்தால் தீப்பந்தம் எடுக்காதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

செவ்வாய்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: தேனீயைக் கொட்ட விட்டால் மூட்டுவலி போகுமாமே?

வேண்டாம் ஐயா. இந்த வைத்தியத்தில் ஒவ்வாமை வந்து இறந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும், அட்ரினலின் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. தேனீ கொட்டி மருத்துவமனை போனால் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

வாழவந்தியிலிருந்து ஒரு பாட்டி: கொட்டிய இடத்தில் தேனையே தடவலாமா? பேத்திக்கு எட்டு மாதம்தான் ஆகிறது.

பெரியவர்களுக்கு, கழுவிய பிறகு ஒரு சொட்டு தடவினால் தப்பில்லை. பேத்திக்கு வேண்டாம் பாட்டி, கையை வாயில் வைத்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேனே படக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் குடலில் வளர்ந்து, உடம்பைத் துவண்டுபோக வைத்துவிடும். பேத்திக்குக் கொட்டினால் கொடுக்கை எடுத்துவிட்டுக் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கண்ணிலோ வாய்க்குள்ளோ கொட்டினால் எதையும் தடவாமல் உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.