எஸ்போசிட்டோ குடும்பத்தின் பூர்வீகம் எது?

கேள்வி: என் கணவர் அர்ஜென்டினாக்காரர். குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சின்னக் கணவன்' என்று பொருள் என்கிறார் மாமியார். கணவரின் கொள்ளுத்தாத்தா நேப்பிள்ஸில் கப்பலேறியவராம். அதே பெயரில் இத்தாலியில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களெல்லாம் உறவினர்களா? பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உறவினர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரு குலத்தின் பெயர் அல்ல. 'வெளியே வைக்கப்பட்டவன்' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெற்றவர்கள் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு இட்ட பெயர். அர்ஜென்டினாவில் 'போ'வின் மேல் ஒரு குறி போட்டு எழுதுவார்கள், கவனித்திருப்பீர்கள். இத்தாலிய உச்சரிப்பைக் காப்பதற்கான குறி அது. அது இல்லாமல் 'சி'யை அழுத்தி வாசித்தால்தான் சின்னக் கணவன்!

நேப்பிள்ஸில் இத்தகைய குழந்தைகளை வளர்த்த அனுன்சியாத்தா இல்லத்தின் சுவரில் ஒரு சுழற்பெட்டி இருந்தது. தெருவில் நின்று குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றினால், உள்ளே காத்திருப்பவர் கைக்குப் போய்விடும். வைத்தவர் முகம் தெரியாது. குழந்தையின் கழுத்தில் ஈய முத்திரை கட்டுவார்கள். வந்த நேரத்தையும் சுற்றியிருந்த துணியையும் பதிவேட்டில் எழுதுவார்கள். 1875-இல் அந்தப் பெட்டியை மூடினார்கள். ஊர் மக்கள் இந்தக் குழந்தைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்றே அழைத்தார்கள். மாமியாருக்கு மனம் சங்கடப்பட்டால் இதைச் சொல்லுங்கள். புளோரன்ஸில் இன்னொசென்டி, மிலானில் கொலம்போ என்று ஊருக்கு ஊர் இத்தகைய பெயர்கள் உண்டு.

முரா மன்னர் நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் (1808–1815) இந்தப் பெயரை இடுவது தடை செய்யப்பட்டது. ஆகவே அதற்குப் பின் பிறந்திருக்கக்கூடிய கொள்ளுத்தாத்தாவே அப்படி விடப்பட்ட குழந்தையாக இருக்க வாய்ப்பு குறைவு; முன்னோர் ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்த பெயராகவே இருக்கும்.

எனவே பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள். 'நேப்பிள்ஸ்' என்று குடும்பத்தில் சொல்வது பல நேரம் கப்பலேறிய துறைமுகத்தை மட்டுமே குறிக்கும். கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு அர்ஜென்டினாவில் எந்தத் தேவாலயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிறந்த ஊர் அதில் இருக்கக்கூடும். அங்கே இத்தாலியப் பெயர்கள் ஸ்பானிய வடிவத்துக்கு, ஜுசெப்பே ஹோசேயாகவும், வின்சென்சோ விசென்டேயாகவும் மாறியிருக்கும். இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

ஊர் தெரிந்ததும் இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அன்டெனாத்தி' தளத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. தென்னித்தாலியில் 1809 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. திருமணப் பதிவோடு இணைத்த காகிதக் கட்டைத் தவறவிடாதீர்கள். மணமக்களின் பிறப்புச் சான்று அதில் இருக்கும். தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவுடையதும் இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

1809-க்கு முன்னால் பங்குத் தேவாலயப் புத்தகங்கள்தான். சுழற்பெட்டியில் வந்தவரை எட்டிவிட்டால், அவரைப் பெற்றவர்கள் யார் என்று பதிவேடு பெரும்பாலும் சொல்லாது. அப்போது அவர் மணந்த பெண்ணின் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலியப் பதிவுகளில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள்.